எச்.ஐ.வி. பரிசோதனையில் 'நான்-ரியாக்டிவ்' (தொற்று தெரியவில்லை) என்றால் எந்தத் தேதி வரைக்கும்?

எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்று சந்தேகப்படும்படி எதாவது நடந்து 72 மணி நேரம் தாண்டவில்லையென்றால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தொற்றைத் தடுக்கும் பெப் மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. தொடர்ந்து 28 நாள் சாப்பிட வேண்டும். அன்றைக்கே எடுக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை உங்கள் பழைய நிலையை மட்டும்தான் சொல்லும்.

72 மணி நேரம் கடந்துவிட்டதா? இனி நாள் கணக்குதான். உடம்பில் நுழைந்த வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. ரத்தத்தில் முதலில் தெரியும், பிறகு வைரஸின் புரதமான பி24 ஆன்டிஜன், அதற்குப் பின்னால்தான் வைரஸை எதிர்த்து உடம்பு உருவாக்கும் ஆன்டிபாடி. தொற்று தெரிய, அந்தச் சம்பவம் நடந்த நாளிலிருந்து, ஆர்.என்.ஏ.வைத் தேடும் 'நாட்' பரிசோதனைக்கு 10 முதல் 33 நாள். நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் ஆன்டிஜன், ஆன்டிபாடி இரண்டையும் பார்க்கும் நான்காம் தலைமுறைப் பரிசோதனைக்கு 18 முதல் 45 நாள். ஆன்டிபாடியை மட்டும் பார்க்கும் ரேபிட் கிட்டுக்கு 23 முதல் 90 நாள். பலரும் தடுக்கி விழுவது முதல் எண்ணில்தான். 18 என்பது சிலருக்குத் தெரிய ஆரம்பிக்கும் நாள். நம்பிக் கணக்கு முடிக்க வேண்டியது 45-இல்.

சந்தேகத்துக்குரிய கடைசித் தொடர்பு மார்ச் 1 என்றால், லேப் பரிசோதனைக்கு ஏப்ரல் 15. ரேபிட் கிட்டுக்கு மே 30. பெப் சாப்பிட்டவர்கள் கடைசி மாத்திரை விழுங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும், ஏனென்றால் மருந்து ஆன்டிபாடி உருவாவதைத் தள்ளிப்போடலாம். ரிப்போர்ட்டில் முடிவுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'மெத்தட்' என்று ஒரு வரி இருக்கும். அதில் ஆன்டிஜன், ஆன்டிபாடி இரண்டும் குறிப்பிட்டிருந்தால் நான்காம் தலைமுறை. தெளிவாக இல்லையென்றால் லேபிலேயே கேளுங்கள். 'எலிசா' என்று லேப் பரிசோதனை முறையின் பெயரை மட்டும் சொன்னால் போதாது, அதிலும் தலைமுறைகள் உண்டு.

ரேபிட் கிட்டில், கிட் வேலை செய்கிறது என்று காட்டும் 'சி' கோடு வராவிட்டால் அந்த கிட் செல்லாது, புதிதாக ஒன்றைப் பிரிக்க வேண்டும். முடிவைக் காட்டும் 'டி' கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் ரியாக்டிவ்தான், அதாவது தொற்று இருக்கலாம். ஆனால் அட்டையில் போட்டிருக்கும் நேரம் தாண்டி, காய்ந்த பிறகு தெரியும் கோட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

ரியாக்டிவ் வந்தாலும் அதோடு முடிவாகிவிடுவதில்லை. இந்தியாவில் பெரியவர்களில் தொற்றுள்ளோர் சுமார் 0.2 சதவீதம். 10,000 பேரில் 20 பேர். தொற்றில்லாதவர்களில் 99.5 சதவீதம் பேரைச் சரியாகச் சொல்லும் கிட்கூட, மீதிப்பேரில் சுமார் 50 பேரைத் தவறாக ரியாக்டிவ் என்று காட்டும். அதனால்தான் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் அரசு நம்பிக்கை மையங்களில் மூன்று வெவ்வேறு கிட்டில் பார்த்த பிறகே பாசிட்டிவ் என்கிறார்கள். அங்கே பரிசோதனை இலவசம். உங்கள் சம்மதமும் ரகசியமும் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி காக்கப்பட வேண்டியவை. சந்தேகத்துக்கு 1097 உதவி எண்ணை அழையுங்கள்.

பரிசோதித்துக்கொள்வதற்காக மட்டும் ரத்த தானம் கொடுக்கப் போகாதீர்கள். தொற்று பிடிபடாத அந்த நாட்களில் உங்கள் ரத்தம் அடுத்தவருக்கு ஏறிவிடலாம்.