சம்மர் பிரிட்ஜில் பியர் மென்டர் வேலை: விண்ணப்பத்திலிருந்து முதல் வாரம் வரை

கலிபோர்னியாவில் இரண்டாம் ஆண்டு படிக்கும் உறவுக்காரப் பெண் போன வாரம் வாட்ஸ்ஆப்பில் கேட்டாள்: "அக்கா, எங்க காலேஜ்ல சம்மர் பிரிட்ஜ் வேலைக்கு ஆள் எடுக்கிறாங்க. என் ரெஸ்யூமேல லீடர்ஷிப்னு சொல்லிக்க ஒண்ணுமே இல்லையே, போடலாமா?" போடு என்று ஒரே வார்த்தையில் பதில் அனுப்பிவிட்டு, அப்புறம் ஒரு மணி நேரம் போனில் பேசினேன். இரண்டு கோடை அந்த வேலை பார்த்திருக்கிறேன், மூன்றாவது வருடம் ஆள் எடுக்கும் குழுவில் உட்கார்ந்து கட்டுக் கட்டாக விண்ணப்பம் படித்திருக்கிறேன், அதனால் சொல்ல நிறைய இருந்தது. அதைத்தான் இங்கே வரிசைப்படுத்தி எழுதி வைக்கிறேன்.

முதலில், தெரியாதவர்களுக்காக. அமெரிக்காவில் பள்ளிப் படிப்பு முடித்து இடம் கிடைத்தவர்களில் சிலரை, செமஸ்டர் தொடங்குவதற்கு முன்பே கோடையில் நாலு முதல் ஆறு வாரம் வளாகத்துக்கு வரவழைத்து, விடுதியில் தங்கவைத்து, ஒன்றிரண்டு பாடமும் எடுத்து, காலேஜ் வாழ்க்கைக்குப் பழக்குவார்கள். இதைத்தான் சம்மர் பிரிட்ஜ் என்கிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் குடும்பத்திலேயே முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதிப்பவர்கள், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள். அவர்களோடு கூடவே இருக்க மூத்த மாணவர்களைச் சம்பளம் கொடுத்து வேலைக்கு வைக்கிறார்கள். அந்த வேலைதான் இது.

படி 1: உங்கள் வளாகத்தில் அதற்கு என்ன பெயர் என்று கண்டுபிடியுங்கள்

இதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். பெர்க்லியில் 1973 முதல் நடக்கிறது, அங்கே பெயர் சம்மர் பிரிட்ஜ். லாஸ் ஏஞ்சல்ஸ் யு.சி.எல்.ஏ.வில் அதே மாதிரியான ஏற்பாட்டுக்கு ஃப்ரெஷ்மன் சம்மர் புரோகிராம் என்று பெயர். ஜார்ஜியா டெக்கில் சேலஞ்ச் என்பார்கள். கலிபோர்னியா ஸ்டேட் வளாகங்களில் ஈ.ஓ.பி. (எஜுகேஷனல் ஆப்பர்ச்சுனிட்டி புரோகிராம்) அலுவலகம் நடத்தும், அந்த அலுவலகங்களே 1969-இல் வந்த ஒரு மாநிலச் சட்டத்தால் உண்டானவை. ஆக, ஹேண்ட்ஷேக் என்கிற மாணவர் வேலைத் தளத்தில் போய் 'லீடர்ஷிப்' என்று தேடினால் ஒன்றும் வராது. எந்த அலுவலகம் நடத்துகிறது என்று தெரிந்துகொண்டு நேரில் போய், "இந்த வருஷம் எப்போது ஆள் எடுப்பீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் விண்ணப்பம் திறந்து மூடிவிடும். ஏப்ரலில் விழித்துக்கொண்டால் பயனில்லை.

படி 2: எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள், சம்பளக் கணக்கையும் போடுங்கள்

பெயர் எதுவாக இருந்தாலும் அடிப்படையில் மூன்று வேலைகள். விடுதியில் அதே மாடியில் தங்கி ராத்திரி டியூட்டி பார்ப்பவர் ஆர்.ஏ. (ரெசிடென்ட் அசிஸ்டென்ட்). பகலில் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவை வகுப்புக்கும் கூட்டத்துக்கும் கூட்டிப்போய், வாரம் ஒருமுறை தனித்தனியாக உட்கார்ந்து பேசுபவர் பியர் மென்டர். கணக்கோ எழுத்தோ சொல்லிக்கொடுப்பவர் டியூட்டர். சில இடங்களில் ஒருவர் தலையிலேயே இவற்றில் இரண்டைக் கட்டிவிடுவார்கள், விளம்பரத்தைக் கவனமாகப் படியுங்கள்.

தூக்கம் கெட்டால் எரிந்து விழுகிற ஆளா நீங்கள்? ஆர்.ஏ. வேண்டாம். நான் முதல் வருடம் அதைத்தான் எடுத்தேன், ராத்திரி இரண்டு மணிக்கு ஃபயர் அலாரம், யாரோ மைக்ரோவேவில் தண்ணீர் ஊற்றாமலே நூடுல்ஸ் வைத்திருக்கிறார்கள்.

சம்பளம் மணிக்கணக்கா, மொத்தமாக ஸ்டைபெண்டா என்று பாருங்கள். உதாரணத்துக்கு ஐந்து வாரத்துக்கு 2,500 டாலர் என்றால் கேட்க நன்றாக இருக்கும். வாரம் 40 மணி நேரம் என்று வைத்தாலும் 200 மணி, மணிக்கு 12.50 தான். நிஜத்தில் நேரம் இன்னும் கூடப் போகும். ஆனால் தங்க அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் சேர்த்துக் கொடுத்தால், கோடையில் வெளியே வாடகை கொடுப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கணக்கு மாறிவிடும். உதவித்தொகை வாங்குகிறவர்கள் இந்த அறையும் சாப்பாடும் அதில் கழிக்கப்படுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அதே நேரத்தில் சம்மர் வகுப்போ இன்னொரு வேலையோ வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் பல இடங்களில் நிபந்தனை.

படி 3: எஃப்-1 (வெளிநாட்டு மாணவர்) விசாவில் இருப்பவர்கள் மட்டும்

இது வளாகத்துக்குள்ளேயே செய்கிற வேலை என்பதால் தனியாக அரசு அனுமதி வாங்க வேண்டியதில்லை. செமஸ்டர் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான். கோடை விடுமுறையில், அடுத்த செமஸ்டரில் தொடர்ந்து படிக்கப் போகிறீர்கள் என்றால் முழு நேரமும் பார்க்கலாம். இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்ளலாம். ஒன்று, வொர்க்-ஸ்டடி என்கிற அமெரிக்க மத்திய அரசின் மாணவர் உதவிப் பணத்தில் சம்பளம் தரும் இடங்கள், அவை நமக்குக் கிடையாது. இரண்டு, மே மாதம் பட்டம் வாங்கிவிட்டு ஜூனில் இந்த வேலை பார்க்கலாம் என்று நினைப்பது, படிப்பு முடிந்த தேதியோடு வளாக வேலைக்கான அனுமதியும் முடிந்துவிடும். கையெழுத்துப் போடுவதற்கு முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) இல்லாதவர்களுக்கு, அதை வாங்க அங்கிருந்தும் வேலை கொடுக்கும் அலுவலகத்திலிருந்தும் கடிதம் வேண்டும், அதற்கும் நாள் ஆகும்.

படி 4: விண்ணப்பக் கட்டுரை

நூறு விண்ணப்பம் படித்தால் எழுபதில் "எனக்குத் தலைமைப் பண்பு உண்டு, மற்றவர்களுக்கு உதவப் பிடிக்கும்" என்றே இருக்கும். படிக்கிறவர்களுக்குக் கண் சொக்கும். அவர்கள் தேடுவது வேறு: நீங்கள் எங்கே முழித்தீர்கள், யாரிடம் போய்க் கேட்டீர்கள், அப்புறம் எப்படிச் சரியானது?

என் கதையைச் சொல்கிறேன். முதல் செமஸ்டரில் பாடத்திட்டத் தாளில் 'ஆபீஸ் ஹவர்ஸ்' என்று போட்டிருந்தது. பேராசிரியர் தன் அறையில் வேலை செய்கிற நேரம் போலிருக்கிறது, அப்போது போய்த் தொந்தரவு செய்யக் கூடாது என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். வேதியியல் மிட்டர்மில் 43. பக்கத்து அறைப் பெண்தான், "லூசு, அது நம்ம போய்க் கேக்கிறதுக்குத்தான்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இதை அப்படியே எழுதினேன். சேர்மன், செக்ரட்டரி என்று எந்தப் பதவியும் என்னிடம் இல்லை, அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை.

அந்தத் திட்டத்தில் படித்து வந்தவர்களுக்கு முன்னுரிமை தருவது நியாயம்தான். நீங்கள் அப்படி வராதவர் என்றால் மறைக்க வேண்டாம். நம் வீட்டில் அப்பா அம்மா இரண்டு பேரும் இன்ஜினியர் என்றால், 'நானும் இந்த மாணவர்களைப் போலத்தான் கஷ்டப்பட்டேன்' என்று எழுதாதீர்கள், பொய் உடனே தெரிந்துவிடும்.

படி 5: இன்டர்வியூ

பெரும்பாலும் இரண்டு சுற்று. முதலில் குழுவாக: ஆறேழு பேரை உட்காரவைத்து, ஸ்பகெட்டி குச்சியையும் டேப்பையும் கொடுத்துக் கோபுரம் கட்டச் சொல்வார்கள். கோபுரம் விழுந்தால் விழட்டும். மூலையில் பேசாமல் இருக்கிறவரிடம் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டது யார் என்றுதான் நாங்கள் குறித்துக்கொள்வோம்.

அடுத்தது தனியாக, அதில் கட்டாயம் ஒரு சூழ்நிலைக் கேள்வி வரும். "ராத்திரி 11 மணிக்கு ஒரு மாணவர் கதவைத் தட்டி, நான் வீட்டுக்கே போகிறேன் என்று அழுகிறார், என்ன செய்வீர்கள்?" உட்காரவைத்துக் கேட்பேன், என்ன ஆயிற்று என்று புரிந்துகொள்வேன், ஆபத்து என்று தோன்றினால் அன்று டியூட்டியில் இருக்கும் அதிகாரியைக் கூப்பிடுவேன். இவ்வளவு போதும். "யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்வேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாலியல் துன்புறுத்தல் மாதிரியான விஷயம் காதில் விழுந்தால் மேலே தெரிவிப்பது இந்த வேலையில் பெரும்பாலும் உங்கள் கடமை, ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்கிற உரிமை உங்களுக்கு இல்லை.

படி 6: காகித வேலை

வேலை செய்ய உங்களுக்கு அனுமதி உண்டா என்று சரிபார்க்கிற ஐ-9 படிவத்துக்கு அசல் ஆவணங்களை வேலையில் சேர்ந்து மூன்று வேலை நாளுக்குள் காட்ட வேண்டும், பாஸ்போர்ட் பெற்றோர் வீட்டில் இருந்தால் இப்போதே வரவழையுங்கள். வருகிற மாணவர்களில் பலருக்குப் பதினேழு வயதுதான் என்பதால் பின்னணி விசாரணை இருக்கும், கலிபோர்னியாவில் லைவ் ஸ்கேன் என்று கைரேகை எடுப்பார்கள்.

படி 7: பயிற்சி

ஒன்றிரண்டு வாரம். பாதி விதிமுறை. மாணவரின் அம்மாவே போன் செய்து மதிப்பெண் கேட்டாலும் நீங்கள் சொல்லக் கூடாது, மாணவர் பதிவேடுகளின் ரகசியத்தைக் காக்க ஃபெர்பா என்ற 1974-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நம் ஊர் வழக்கத்துக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும்.

மறக்க முடியாதது 'பிஹைண்ட் குளோஸ்டு டோர்ஸ்' என்கிற நடிப்புப் பயிற்சி. மூடிய கதவுக்குப் பின்னால் பழைய ஆட்கள் ஒரு பிரச்சினையை நடித்துக்கொண்டிருப்பார்கள், நீங்கள் தட்டி உள்ளே போய்ச் சமாளிக்க வேண்டும். என் கதவுக்குப் பின்னால் ஒரு பெண் கட்டிலில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். நான் போய் உட்கார்ந்து கவுன்சிலிங் சென்டர், டியூட்டரிங், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவள் தலையைத் தூக்கி, "நான் இன்னும் ஒரு வாக்கியம்கூடப் பேசலையே" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், எனக்குக் காது சூடாகிவிட்டது.

படி 8: முதல் வாரம்

ஓடியாடுகிறவர்களை விட்டுவிட்டு, காணாமல் போகிறவர்களைக் கவனியுங்கள். என் குழுவில் ஃப்ரெஸ்னோ பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்திருந்தான். வந்த அன்று அவன் அம்மா படுக்கை விரிப்பை மூன்று தடவை எடுத்து எடுத்துப் போட்டுவிட்டு, ஸ்பானிஷில் என்னிடம் ஏதோ சொல்லி, சூடான தமாலே (மெக்சிகோ பலகாரம்) பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்துவிட்டுப் போனார். மூன்றாவது நாள் பார்த்தால் பையன் டைனிங் ஹால் பக்கமே வரவில்லை, குப்பைத் தொட்டி நிறைய சிப்ஸ் பாக்கெட். சாப்பாடு பிடிக்கவில்லையா என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறான். சரி என்று, "எனக்குப் பசிக்கிறது, தனியாப் போகப் பிடிக்கலை, கூட வா" என்று கூட்டிப்போனேன். வாசலில் கார்டைத் தேய்த்துவிட்டு நான் உள்ளே போகிறேன், அவன் நிற்கிறான். மெல்லக் கேட்டான்: "ஒவ்வொரு தட்டுக்கும் எவ்வளவு?"

ஒரு தடவை கார்டு தேய்த்தால் போதும், எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எல்லாம் ஏற்கெனவே கட்டியாயிற்று என்றேன். அன்று மூன்று தட்டு பாஸ்தா சாப்பிட்டான். நானும் எதிரே உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, அதை டைம்ஷீட்டில் எழுத மறந்தேன். நீங்கள் அன்றன்றைக்கே எழுதிவிடுங்கள், வாரக் கடைசியில் ஒன்றும் ஞாபகம் இருக்காது.