கூட்டு வில்வேட்டையில் ஒருவர் குரலுக்கு இன்னொருவர் வராமல் இருக்க

செப்டம்பரில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத் தேசியக் காடுகளில் எல்க் மான்கள் இணைசேரும். பெண் மானைப் போலக் குரல் கொடுத்து ஆண் மானை வரவழைப்பது வில்வேட்டை முறை. எங்கள் குழுவுக்குத் தொல்லையே அதுதான். நண்பரின் குரலை மான் என்று நம்பி இன்னொருவர் புதருக்குள் பதுங்கி வந்துவிடுவார்; உடம்பெல்லாம் இலைநிற உடை வேறு.

இப்போது கிளம்பும் முன்பே ஓடையையும் மலைமுகட்டையும் எல்லையாக வைத்து வரைபடத்தில் காட்டைப் பிரித்துக்கொள்கிறோம். எல்லை தாண்டுபவர் செயற்கைக்கோள் கருவியில் செய்தி அனுப்பி, பதில் வந்த பிறகே நகர வேண்டும். அங்கே பல பள்ளத்தாக்குகளில் கைபேசி எடுபடாது.

பொதுநிலம் என்பதால் முன்பின் தெரியாதவர்களும் பக்கத்தில் இருப்பார்கள். மாத நடுவில் குழல் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளின் வேட்டைப் பருவமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே நடக்கும்போதும் இறைச்சி சுமக்கும்போதும் பளிச்சென்ற ஆரஞ்சு உடை. மான்தான் என்று கண்ணால் தெளிவாகப் பார்க்கும்வரை அம்பு தூணியிலேயே இருக்க வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

காலையில் ஒவ்வொரு கார்பன் அம்பையும் காதருகே பிடித்து மெல்ல வளைத்துப் பார்க்கிறேன். விரிசல் இருந்தால் நெறிபடும் சத்தம் கேட்கும். அதை எய்தால் சிதறி, வில் பிடித்த கையிலேயே பாயலாம். முறித்துப் பைக்குள் போட்டுவிடுகிறேன்.