மாடு காதை விடைத்து நிற்கும்போது படம் எடுப்பது எப்படி?

மாட்டை விற்க வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டால், பார்க்கிறவர் கண் முதலில் போவது முகத்துக்குத்தான். காது தொங்கி, கண் பாதி மூடியிருந்தால் நல்ல கறவையைக்கூட "சீக்கு மாடா?" என்று கேட்கிறார்கள். காரிமங்கலம் மாட்டுச் சந்தையிலோ குந்தாரப்பள்ளி சந்தையிலோ என்றால் வாங்குகிறவர் சுற்றி வந்து, பல்லைப் பிடித்துப் பார்த்து, மடியைத் தடவி முடிவெடுப்பார். இங்கே ஒரே ஒரு படம்தான் பேச வேண்டும்.

நேரம்: காலையில் பால் கறந்த பிறகு, தவிடு வைப்பதற்கு முன். வயிறு நிறைந்து அசை போட ஆரம்பித்துவிட்டால் கண் சொக்கிவிடும்.

இடம்: வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். முன்னங்கால் நாலு விரல் மேட்டில் நின்றால் முதுகு எடுப்பாகத் தெரியும். நாலு காலும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

போன்: பத்தடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். கிட்டே போனால் தலை பெருத்து உடம்பு சிறுத்துவிடும். குத்தவைத்து உட்கார்ந்து, மாட்டின் வயிற்று உயரத்தில் எடுங்கள். இதற்குப் பெரிய கேமரா தேவையில்லை.

இனி காது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். படம் எடுக்கிறவரே "ஹே, பா!" என்று கூப்பிடுவார், மாடு அவர் பக்கம் திரும்பிவிடும், பக்கவாட்டுப் படம் போச்சு. மாட்டுக்குக் கண் இரு பக்கமும் இருப்பதால், நேர் பின்னால் தவிர ஏறக்குறைய எல்லாப் பக்கமும் தெரியும். நீங்கள் நிற்பதை அது ஏற்கெனவே பார்த்துவிட்டது. புதுச் சத்தம் கேட்டால்தான் காது அந்தப் பக்கம் திரும்பும், பின்னாலேயே தலையும் போகும். அதனால் மாடு எங்கே பார்க்க வேண்டுமோ, அந்தப் பக்கம் இருபது அடி தள்ளி வேறொருவரை நிறுத்துங்கள். நீங்கள் வாயே திறக்கக் கூடாது.

முதல் சத்தத்துக்கு இரண்டு காதும் முன்னால் வரும், கழுத்து உயரும், கண் அகலும். ஓரிரு நொடிதான். இரண்டாம் முறை ஒரு காது மட்டும் திரும்பும். மூன்றாம் முறை அதுவும் இல்லை. ஆகவே கால், கயிறு, வெளிச்சம் எல்லாம் சரியான பிறகு, கடைசியாகத்தான் சத்தம். பட்டனை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாக எடுங்கள். பாலிதீன் கவரைக் கசக்குவதுதான் எனக்குப் பிடித்தது. அதற்கு அசரவில்லை என்றால் தவிட்டு வாளியைத் தட்டலாம். போனில் பதிந்த கன்றுக்குட்டிக் குரல் கடைசிக் கையிருப்பு. குடையை விரிப்பது, வாலை முறுக்குவது வேண்டாம். மிரண்ட கண் படத்தில் அப்படியே தெரியும்.

ஆலம்பாடி இன மாடு வைத்திருப்பவர்களுக்கு: முகம் கறுத்திருந்தால், பின்னால் வானம் இருந்தால் கண்ணே தெரியாது. திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், கன்று ஈன்று சில நாளே ஆன பசுவுக்குக் கன்றின் குரலைப் போட்டிருக்கிறார். அது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. ஈன்ற மாட்டுக்கு அந்தச் சத்தம் வேண்டவே வேண்டாம். எருது விடும் விழாவில் ஓடிப் பழகிய காளைக்கு விசிலும் கைதட்டலும் கூடாது. அதற்கு அது ஓடச் சொல்லும் சத்தம்.

இன்னொன்று, ஈ. ஈ மொய்த்தால் காது ஆடிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் வேப்பெண்ணெயைக் காதின் பின்பக்கம் மட்டும் தடவுங்கள். முகத்தில் பட்டால் வெயிலில் பளபளக்கும்.