குவாஸ்தல்லாவின் வரலாற்றை எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடஇத்தாலியில் போ ஆற்றின் தென்கரையில் இருக்கிறது குவாஸ்தல்லா. பால்மாடும் பார்மிஜானோ பாலாடைக்கட்டியுமாக வாழும் விவசாயச் சிற்றூர். இதன் வரலாற்றை எழுத வரும் புதியவர்கள் அதே பள்ளங்களில்தான் திரும்பத் திரும்ப விழுகிறார்கள். பெயர்ப் பிழை, ஆண்டுப் பிழை பற்றி இங்கே பேசவில்லை. மெய்ப்புப் பார்ப்பவர் அவற்றைத் திருத்திவிடுவார்.

இன்றைய மாவட்டத்தை நம்பி ஆவணம் தேடுவது

இன்று இவ்வூர் ரெஜ்ஜோ எமிலியா மாவட்டத்தில் இருக்கிறது. எனவே எல்லோரும் நேராக ரெஜ்ஜோவுக்கே போகிறார்கள். ஆனால் ஊரின் கதை வேறு. 1539இல் கோன்சாகா என்ற பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த ஃபெர்ரான்தே இதை விலைக்கு வாங்கினார். 1621இல் தனிக் கோமகனாட்சி ஆயிற்று. 1746இல் அக்குடும்பத்துக்கு வாரிசு அற்றுப்போக, 1748இல் பக்கத்துக் கோமகனாட்சியான பார்மாவோடு சேர்ந்தது. 1806இல் நெப்போலியன் தன் தங்கை பவுலினுக்குக் கொடுத்தார். அவரோ விரைவிலேயே விற்றுவிட்டார். 1815க்குப் பிறகு மீண்டும் பார்மா, நெப்போலியனின் மனைவி மரீ லூயிஸின் ஆட்சி. 1847 டிசம்பரில் அவர் இறந்தபின் மோதெனா கோமகனாட்சி. 1859இல் அந்த ஆட்சியும் கவிழ்ந்தது. 1800இல் பிறந்த ஒரு குத்தகை விவசாயி தன் வயலை விட்டு நகராமலே அறுபது வயதுக்குள், நெப்போலியன் காலம் முதல் வந்த அத்தனை அரசுகளுக்கும் வரி கட்டியிருப்பார்.

எனக்குத் தெரிந்த ஆய்வாளர் ஒருவர் 1830களின் ஆற்றங்கரைப் பராமரிப்பு வரித் தகராறுகளைத் தேடி, விடுமுறை முழுவதையும் ரெஜ்ஜோவில் கழித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. "அக்காலத்தில் ஊர் அமைதியாக இருந்தது" என்று எழுதி அச்சிலும் ஏற்றிவிட்டார். இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. 1830களில் ஊரை ஆண்டது பார்மா. காகிதங்களும் அங்கேதான் சேர்ந்திருக்கும். தேடாத இடத்தில் இருந்த காகிதத்தை இல்லை என்று எண்ணி, கரை உடைந்தால் பயிரையும் வீட்டையும் இழந்த மக்களுக்கு அமைதியான வாழ்வைக் கற்பித்துவிட்டார். முதலில் ஆட்சி மாறிய ஆண்டுகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அன்றைய தலைநகரை எழுதுங்கள். அதன்பிறகு ரயில் டிக்கெட் எடுங்கள்.

1861க்கு முன் "இத்தாலிய அரசு" என்பது

நெப்போலியன் அமைத்த இத்தாலிய அரசின் காலத்தைத் தவிர, வேண்டாம். ஒன்றுபட்ட இத்தாலி பிறந்தது 1861இல்தான்.

பியோல்காவை ஒரே அளவாகக் கொள்வது

நிலத்தை அளந்த இந்த அலகு பார்மாவில் சுமார் 3,080 சதுர மீட்டர், ரெஜ்ஜோவில் சுமார் 2,920, ஃபெர்ராராவில் 6,500க்கும் மேல். எந்த ஊர்ப் பியோல்கா என்று தெரியாமல் ஹெக்டேராக மாற்றாதீர்கள்.

கோன்சாகாக்களோடு நிறுத்துவது

சதுக்கத்தில் லியோனே லியோனி வடித்த ஃபெர்ரான்தே சிலை நிற்கிறது. பல கட்டுரைகளும் அங்கேயே நின்றுவிடுகின்றன. உழுதவர்களின் பெயர்கள் பங்குக் கோயில் பதிவேடுகளில் இருக்கின்றன. திருமுழுக்கையும் திருமணத்தையும் பதிவதை கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1563இல் கட்டாயமாக்கியது. சாவுப் பதிவு கட்டாயமானது 1614இல்தான். அதற்கு முந்தைய சாவுகளை இந்த ஏடுகளை மட்டும் வைத்து எண்ணிவிடாதீர்கள்.