பழைய சங்கங்களை ஆராய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்துக் கல்லூரிகளிலிருந்து உள்ளூர் வரலாற்றில் ஆய்வேடு எழுத வரும் பிள்ளைகளில் பலருக்கு அந்தக் காலத்து அறிவுச் சங்கங்கள், வாசக சாலைகள், சீர்திருத்த சபைகள் மீது ஆர்வம் இருக்கிறது. மகிழ்ச்சியான விஷயம். ஆனால் எங்கள் தலைமுறை தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள். பெயரில் எழுத்துப்பிழை, பக்க எண் விடுபடுவது போன்றவற்றை வழிகாட்டியே திருத்திவிடுவார். அவற்றை இங்கே பேசப்போவதில்லை.

நோக்கத்தைச் சாதனையாக எழுதுவது

இந்தத் தவற்றைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. ஒரு மாணவிக்குச் சிறிய சபை ஒன்றின் விதிமுறைப் புத்தகம் கிடைத்தது. நோக்கங்கள் என்ற தலைப்பின் கீழே பெண்கல்வியைப் பரப்புதல், இரவுப் பள்ளி நடத்துதல், வாசக சாலை அமைத்தல் என்று வரிசையாக அச்சிட்டிருந்தார்கள். அவர் அதை நம்பி, அந்தச் சபை இரவுப் பள்ளி நடத்தியது, உழைக்கும் மக்கள் அங்கே படித்தார்கள் என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டார். பிறகுதான் அதே சபையின் ஓராண்டு வரவு செலவுக் கணக்கு கைக்கு வந்தது. பத்திரிகைச் சந்தா, விளக்கெண்ணெய், கட்டட வாடகை, காவலாள் சம்பளம் எல்லாம் இருந்தன. ஆசிரியர் சம்பளம் இல்லை. ஒரு சிலேட்டு வாங்கிய செலவுகூட இல்லை. அத்தியாயத்தை எடுக்க வேண்டியதாயிற்று. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் தேதி தள்ளிப்போய், கட்டணமும் மறுபடி கட்டினார்.

அந்த நோக்கங்கள் எப்படி எழுதப்பட்டன என்று தெரிந்திருந்தால் இது நடந்திருக்காது. அந்தக் காலத்தில் 1860ஆம் ஆண்டின் 21ஆம் சட்டமான சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய முடிந்தது. எந்தெந்தக் காரியங்களுக்கு என்பதையும் சட்டமே பட்டியலிட்டது: அறிவியல், இலக்கியம், நுண்கலை வளர்ச்சி, பயனுள்ள அறிவைப் பரப்புதல், நூலகம், வாசக சாலை, அறப்பணி. பதிவுக்குப் போகிறவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்தே தங்கள் நோக்கங்களையும் எழுதினார்கள். அதனால்தான் ஊர் வேறு, ஆள் வேறு என்றாலும் வாசகங்கள் ஒன்றுபோலவே இருக்கும். அதில் பொய் ஒன்றும் இல்லை. செய்ய விரும்பியதைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். செய்தார்களா என்று தேடுவது நம் வேலை.

தீர்மானங்களுக்கும் இதேதான். இந்திய தேசிய சமூக மாநாடு முதன்முதலாக 1887இல் சென்னையில் கூடியது. பால்ய விவாகத்தைக் கண்டித்து இத்தகைய மாநாடுகள் எத்தனையோ தீர்மானங்கள் போட்டன. பெண்ணின் மணவயதை 14 ஆக்கிய சாரதா சட்டம் 1930 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வந்துவிட்டாலும் ஊர் உடனே மாறிவிடாது. விதவை மறுமணச் சட்டம் 1856இல் வந்தது. தெலுங்குச் சீர்திருத்தவாதி வீரேசலிங்கம் ராஜமுந்திரியில் தம் முதல் விதவை மறுமணத்தை நடத்தி வைத்தது 1881 டிசம்பரில். நடுவில் 25 ஆண்டுகள். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தரும் சட்டம் 1989இல் வந்தது. தீர்மானம் நிறைவேறியது என்ற ஒரு வரியோடு கதையை முடித்தால் இந்த அறுபது ஆண்டுப் போராட்டம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

நம் ஊரிலேயே இதற்குச் சான்று உண்டு. 1944 ஆகஸ்டில் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. வெள்ளைக்காரன் கொடுத்த பட்டங்களைத் துறக்க வேண்டும் என்றும் தீர்மானம் வந்தது. அதை ஏற்காத ஒரு பிரிவு பழைய பெயரிலேயே தொடர்ந்தது. அந்தப் பிரிவின் பி.டி. ராஜன் 1952 தேர்தலில் அந்தப் பெயரில் நின்று வென்றார். மாநாட்டு அறிக்கையோடு நின்றுவிடுகிற மாணவருக்கு இந்தப் பிளவு தெரியவே தெரியாது.

அதனால் நான் பிள்ளைகளிடம் முதலில் பணம் எங்கே போனது என்று பார்க்கச் சொல்கிறேன். அப்புறம் யாருக்குச் சம்பளம் கொடுத்தார்கள், எந்தக் கட்டடத்தில் கூடினார்கள், யார் எதிர்த்து எழுதினார்கள் என்று பாருங்கள். உண்மையிலேயே ஒரு காரியம் நடந்திருந்தால் அதை எதிர்த்த ஆளும் இருப்பார். எதிர்ப்பு எங்கேயும் பதிவாகவில்லை என்றால் இன்னும் ஆழமாகத் தேட வேண்டும்.

மகாஜன சபைகளைக் குழப்புவது

சென்னை மகாஜன சபை 1884. அயோத்திதாசர் தொடங்கிய திராவிட மகாஜன சபை 1891. இரண்டும் வேறு.

எல்லாம் சென்னையிலிருந்து வந்தது என்று எண்ணுவது

அந்தத் திராவிட மகாஜன சபையே நீலகிரியில் தொடங்கியது. சேலத்தில் 1916இல் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து, அறிவியலுக்குத் தமிழ்ச் சொற்கள் ஆக்க ஒரு சங்கம் வைத்தார்கள். ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவர் ஆனது 1917இல். சொல்லாக்கத்தையும் நகராட்சி வேலையையும் ஒரே ஆள், ஒரே ஊரில், ஒரே காலத்தில் செய்திருக்கிறார். மாணவர்கள் ஒன்றை மொழித்துறைக்கும் மற்றதை அரசியலுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். சேர்த்துப் படித்தால் கிடைப்பது மிக அதிகம்.

ஜில்லா எல்லை

1965 வரை தருமபுரி சேலத்தோடு இருந்தது. நாமக்கல் 1997இல் தனி மாவட்டமானது. திருப்பத்தூர் 1911இல் வட ஆர்க்காட்டுக்குப் போனது. பழைய அறிக்கையில் சேலம் ஜில்லா என்று இருந்தால் ஆண்டைப் பார்த்துவிட்டு எந்தெந்தத் தாலுக்கா என்று எழுதுங்கள்.

தமிழ் வருடப் பெயர்

தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். துன்முகி 1896லும் வரும், 1956லும் வரும்.

கெஜட்டியரை வேதவாக்காக எடுப்பது

1918இல் வந்த சேலம் கெஜட்டியரை, அதாவது ஜில்லா விவரங்களைத் தொகுத்த அரசு நூலை, எழுதிய எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸ்தான் 1909இல் பெங்களூரில் மிதிக் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். வரி வாங்கும் அதிகாரியும் அறிவுச் சங்கத்தை நடத்தியவரும் ஒருவரே. சேர்வராயன் மலையின் மலையாளிகள் என்ற பழங்குடி மக்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள், மூன்று அண்ணன் தம்பிகள் மூன்று மலைகளுக்குப் பிரிந்து போனார்கள் என்ற கதையை அக்காலத்து அதிகாரிகள் கேட்டு எழுதி வைத்தார்கள். அதை அப்படியே இனவரலாறாக எடுத்து எழுதுவது சரியில்லை. யார் கேட்டது, யார் சொன்னது, எந்த வேலையாக மலை ஏறியபோது கேட்டது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஏற்காடு இன்றும் பக்கத்தில்தான் இருக்கிறது. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போய், மலைக்காரர்களிடமே உட்கார்ந்து கேட்காமல் அவர்களைப் பற்றி எழுதுகிறவர்களை நான் பலமுறை கண்டித்திருக்கிறேன்.

உறுப்பினர் பட்டியலைப் பார்க்காமல் விடுவது

பதிவு ஆவணத்தில் நிர்வாகிகளின் தொழிலும் இருக்கும். வக்கீல் எத்தனை, வியாபாரி எத்தனை, பெண்கள் உண்டா என்று முதலில் அதை எண்ணுங்கள்.

வீட்டுக் காகிதக் கட்டைக் கலைப்பது

செவ்வாய்ப்பேட்டையிலோ அம்மாபேட்டையிலோ ஒரு பழைய வீட்டில் தாத்தாவின் காகிதங்களை நம்பிக் கொடுப்பார்கள். கயிற்றை அவிழ்க்கும் முன் கட்டைப் படம் எடுங்கள். எது எதன் மேல் இருந்தது என்பதை வைத்தே தேதி இல்லாத நோட்டீசுக்குக் காலம் சொல்ல முடியும். அந்த வரிசை கலைந்தால் யாராலும் திரும்ப அடுக்க முடியாது. அங்கேயே உட்கார்ந்து நகல் எடுத்துக்கொண்டு, அதே வரிசையில் கட்டி, வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.