லடாக்கில் ஜூன் மாத மலைநடை: நண்பர்களோடு போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முந்தின நாள் ராத்திரி சென்னையில் சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறினால், டெல்லியில் மாறி, மறுநாள் காலை லே நகரத்தில் இறங்கிவிடலாம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரம். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், சென்னையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஆனால் இறங்கியதும் ஒன்றும் தெரியாது. வெயில் பளிச்சென்று அடிக்கும், தூரத்தில் பனிமலை தெரியும். "நல்லாத்தானே இருக்கோம், மத்தியானம் சாந்தி ஸ்தூபம் படியேறிடலாமே" என்று ஒருவர் ஆரம்பிப்பார். முதல் தவறு அங்கேதான். உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை உடல் சொல்வதற்கே பல மணி நேரம் ஆகும். பெரும்பாலும் அன்று ராத்திரிதான் தலைவலி தொடங்கும்.

அதனால் குறைந்தது 48 மணி நேரம் லேயில் சும்மா இருங்கள். நடையும் இருக்கிறது என்றால் நான் மூன்று நாள் சொல்வேன். முதல் ராத்திரி பீர், தூக்க மாத்திரை இரண்டும் வேண்டாம். தூக்கத்தில் மூச்சை இன்னும் மந்தமாக்கும். டயமாக்ஸ் மாத்திரை உடல் பழகுவதைச் சீக்கிரமாக்கும், அவ்வளவுதான். பழகும் நாட்களுக்கு அது மாற்று ஆகாது. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

அடுத்த தவறை நாங்களே செய்தோம். மார்க்கா பள்ளத்தாக்கில் ஆறு பேர் நடந்தோம். ஸ்கியு, மார்க்கா, ஹங்கர் என்று ஊர் ஊராக ஏறி, நிமாலிங் மேய்ச்சல் வெளியில் தங்கி, சுமார் 5,200 மீட்டரில் இருக்கும் கோங்மாரு லாவைக் கடந்து இறங்குகிற வழி. லா என்றால் கணவாய். 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், இன்று தூங்கும் இடம் நேற்றுத் தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக்கூடாது என்பது மலையேறுபவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஹங்கர் கிட்டத்தட்ட 4,000 மீட்டர், நிமாலிங் 4,700க்கு மேல். நடுவில் தாச்சுங்சே என்ற இடத்தில் ஒரு ராத்திரி தங்க வேண்டும். லீவு போதவில்லை என்று அதை விட்டுவிட்டோம்.

மத்தியானம் நண்பன் ஒருவன் ஷூ லேஸ் கட்ட ஒரு பாறையில் உட்கார்ந்தான். விரல் சுற்றுகிறது, முடிச்சு விழவில்லை. இரண்டாம் தடவையும் விழவில்லை. மூன்றாவது தடவை லேஸைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். வழிகாட்டி அவனை எழுப்பி, குதிகாலை முன்காலின் விரலோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் சாய்ந்துவிட்டான். அப்படித் தடுமாறினால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். அதற்கு உடனே கீழே இறங்குவதுதான் முதல் வைத்தியம். ஆக்சிஜனும் மருந்தும் கையில் இருந்தாலும், ராத்திரியே ஆனாலும், இறங்கத்தான் வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், விடாத இருமல் வந்தாலும் இதேதான். அது நுரையீரலில் நீர் கோப்பதாக இருக்கலாம். பையை வழிகாட்டி வாங்கிக்கொண்டார். ஹங்கரைத் தாண்டி மார்க்கா ஊர் வரை இறங்கினோம். காலையில் தெளிந்தான்.

இரண்டு நாளாகவே தலைவலி இருந்ததாம். ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டால், "என்னால எல்லாரோட பிளானும் கெட்டுடக்கூடாதுன்னுதான்டா" என்றான்.

தனியாகப் போகிறவர் தலை வலித்தால் நின்றுவிடுவார். நண்பர்களோடு போகிறவர் நிற்க மாட்டார். இப்போது நாங்கள் காலையும் மாலையும் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கேட்கிறோம்: தலை வலிக்கிறதா, பசிக்கிறதா, குமட்டுகிறதா, தூங்கினாயா? "எல்லாரும் ஓகேதானே?" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். இன்னொன்று, மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். கடைசியில் விட்டால், அவர் வந்து சேரும்போது மற்றவர்கள் ஓய்வெடுத்து முடித்துக் கிளம்பிவிடுவார்கள். அவருக்கு ஓய்வே கிடைக்காது.

ஆற்றைப் பற்றிய விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. லேயில் வருஷத்துக்கே சுமார் 100 மில்லிமீட்டர்தான் மழை. பாலைவனத்தில் வெள்ளமா என்று தோன்றும். ஆனால் ஜூனில் ஓடுவது உருகிய பனி. ராத்திரிக் குளிரில் உருகுவது குறைவதால் காலையில் முழங்கால் அளவு இருக்கும் ஓடை, சாயங்காலம் இடுப்புக்கு வந்து கலங்கலாக இரையும். மார்க்காவில் பல இடங்களில் பாலம் வந்துவிட்டது என்றாலும், இறங்கிக் கடக்கும் இடங்களைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். வெறுங்காலோடு வேண்டாம், வார் வைத்த செருப்பு போதும். பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, கைகோத்துக் கடக்க வேண்டும். விழுந்தால் பை உங்களை இழுக்கக்கூடாது. கணவாயையும் விடியற்காலையில் கடப்பதுதான் நல்லது. ஜூனில் மேலே இன்னும் பனி கிடக்கும். வெயில் ஏறினால் இளகி, கால் தொடை வரை புதையும்.

வெயிலைப் பற்றி நமக்குச் சொல்ல வேண்டுமா என்று நினைக்காதீர்கள். காற்று சில்லென்று இருப்பதால் தோல் கருகுவது தெரியாது. பனி கீழிருந்தும் ஒளியைத் திருப்பியடிக்கும். மூக்கின் அடிப்புறமும் உதடும் வெந்துவிடும். நல்ல கூலிங் கிளாஸ் இல்லாமல் பனியில் நடந்தால் அன்று ராத்திரி கண்ணில் மணலைக் கொட்டியதுபோல எரியும். வியர்வையும் தெரியாது, உடனே காய்ந்துவிடும். அதனால் தாகத்துக்குக் காத்திருக்காமல் நாளுக்கு மூன்று லிட்டர், நடுநடுவே ஓஆர்எஸ் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். அப்புறம், ஜீன்ஸ் வேண்டாம். நிமாலிங்கில் ஜூன் ராத்திரியிலும் தண்ணீர் உறையும். நனைந்த பருத்தித் துணி அங்கே காயாது.

வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேலை செய்யும், ஆனால் பள்ளத்தாக்குக்குள் சிக்னலை நம்ப முடியாது. எந்த ராத்திரி எந்த ஊர் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். திரும்பும் விமானத்தை மட்டும் நடை முடிந்த மறுநாளே போடாதீர்கள். இரண்டு நாள் கையிருப்பில் இருந்தால்தான் தலை வலிக்கிறவர் வாயைத் திறப்பார்.