பழைய பிளாப்பியிலிருந்து கோப்புகளை மீட்ட அனுபவம்
அப்பாவின் கவிதைகள் இருந்த 3.5 அங்குல பிளாப்பியை (பழைய காலச் சேமிப்பு வட்டு) யூஎஸ்பி பிளாப்பி டிரைவில் இட்டதும், அதை ஃபார்மட் செய்யலாமா (உள்ளதை அழித்துப் புதிதாக்கலாமா) என்று விண்டோஸ் கேட்டது. அதற்கு உடன்படாமல், எழுதுவதைத் தடுக்கும் துளையைத் திறந்து வைத்து, உலோக மூடியை விலக்கி, நடுச்சக்கரத்தைச் சிறிது சிறிதாகச் சுழற்றியபடி, வட்டில் படிந்திருந்த பூஞ்சையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் இருபுறமும் மெதுவாகத் துடைத்து உலரவிட்டேன். பின்னர் லினக்ஸில், பழுதான வட்டுகளிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ (ddrescue) நிரலை இயக்கினேன். படிக்க முடிந்த பகுதிகளை முதலில் நகலெடுத்துவிட்டு, பழுதான செக்டர்களை (வட்டின் சிறு சேமிப்புப் பகுதிகளை) அது பிறகே மீண்டும் முயல்வதால், நலிந்த வட்டுக்கு இதைவிட ஏற்ற வழி இல்லை என்பேன்.

பக்கத்துக்கு 80 வட்டத் தடங்கள், தடத்துக்கு 18 செக்டர்கள், செக்டருக்கு 512 பைட்டுகள் என இருபுறமும் சேர்த்து 14,74,560 பைட்டுகளே அந்தப் பிளாப்பியின் கொள்ளளவு. இன்றைய 64 ஜிபி மைக்ரோ எஸ்டி அட்டையில் அத்தகைய 43,000 வட்டுகள் அடங்கும். ஆனாலும் அப்பாவின் கவிதைகள் வெறும் எழுத்துக்கோப்புகள் என்பதால், அவை அனைத்துக்கும் அந்தச் சிறு வட்டே போதுமானதாக இருந்திருக்கிறது.